தொட்டாலும் தொடாவிட்டாலும்: வாசகர் கேள்வி – பதில்

மவுஸ், கீபோர்டு இரண்டையும் விட்டுவிட்டு வேறு வழிகளில் கம்ப்யூட்டரையும் போனையும் இயக்குவது பற்றி வந்த கடிதங்களில், வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவற்றுக்கு இந்த இதழில் பதில். கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு சென்சார்தான். நம் ஊர் வெயிலும் வியர்வையும் எர்த் இல்லாத பிளக்கும் அந்தச் சென்சாரை என்ன பாடு படுத்தும் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கே: மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு விரலை லேசாக அசைத்தாலே கண்ணாடிக்குள் மெசேஜ் ஓடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை சார். மூளையில் நினைப்பதையே அது படித்துவிடுகிறதாமே? இனி மவுஸுக்கு வேலையே இருக்காது இல்லையா? இதை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாகச் செய்ய முடியுமா?
— பொறியியல் மாணவர், காட்பாடி

ப: நிம்மதியாகத் தூங்குங்கள். அது மூளையைப் படிப்பதில்லை. நீங்கள் பார்த்தது 2025 செப்டம்பரில் மெட்டா அறிமுகப்படுத்திய ரே-பான் டிஸ்பிளே கண்ணாடியும் அதன் கூட வரும் நியூரல் பேண்டும். விரலை அசைக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை சுருங்கும்போது தோலின் மேல் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். அதைப் பட்டை பிடித்துப் பெருக்கி, எந்த அசைவு என்று கணக்கிடுகிறது. சர்ஃபேஸ் ஈ.எம்.ஜி. என்று மருத்துவமனைகளில் வெகுகாலமாகச் செய்வதுதான் இது. மெட்டா இதற்காக கன்ட்ரோல்-லேப்ஸ் நிறுவனத்தை 2019-லேயே வாங்கிவிட்டது. அதற்கும் முன்பு எட்டு சென்சார் வைத்த மையோ என்ற பட்டை கடைக்கு வந்து, 2018-ல் நிறுத்தப்பட்டது. மவுஸோ, 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் காட்டியதிலிருந்து இன்றுவரை மேசையை விட்டு இறங்கவில்லை.

ப்ராஜெக்ட்டாகத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரே இடத்துத் தசையை மட்டும் அளக்கும் ஒரு சேனல் போர்டை வைத்துக்கொண்டு ஐந்து விரலையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பேன் என்று அப்ஸ்ட்ராக்ட்டில் எழுதிவிடாதீர்கள், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு சேனலில் நம்பகமாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா. கையை இறுக்கினால் அடுத்த ஸ்லைடு என்பது அளவான இலக்கு.

வேண்டியவை: ஒரு ஈ.எம்.ஜி. ஆம்ப்ளிஃபையர் போர்டு, ஈ.சி.ஜி.க்கு ஒட்டும் ஜெல் எலக்ட்ரோடு மூன்று, ஏ.டி.மெகா 32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ போர்டு ஒன்று. ஊனோ ஆர்3 வேண்டாம். அது நேரடியாகத் தன்னைக் கீபோர்டாகக் கம்ப்யூட்டரிடம் காட்டிக்கொள்ளாது. முஷ்டியை இறுக்கிப் பார்த்து முன்கையில் எந்த இடம் புடைக்கிறதோ அங்கே, தசை ஓடும் திசையிலேயே, 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடுகள். மூன்றாவதை முழங்கை எலும்பின் மேல் ஒட்டுங்கள். விநாடிக்கு 1000 முறையாவது அளவெடுக்க வேண்டும். தசை சிக்னல் ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும் என்பதால் அதற்குக் குறைத்தால் பாதி விஷயம் போய்விடும். ஒவ்வோர் அளவிலிருந்தும் சராசரியைக் கழித்து, மைனஸ் எல்லாவற்றையும் பிளஸ் ஆக்கி, 100 முதல் 150 மில்லி விநாடிக்கு ஒரு ஓடும் சராசரி எடுங்கள். கை தளர்ந்திருக்கும்போது கிடைக்கும் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் அதுதான் வரம்பு. அந்த வரம்புக்கு மேல் 200 மில்லி விநாடி நின்றால் மட்டும் பேஜ் டவுன் அனுப்புங்கள். அனுப்பிய பிறகு அரை விநாடிக்கு எதையும் கேட்காதீர்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் ஒரு இறுக்கலுக்கு நாலு ஸ்லைடு பறக்கும்.

கெடுக்கும் விஷயங்கள் இரண்டு. முதலாவது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பகுதி அடங்கிவிடும். உடம்பில் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது சார்ஜர் சொருகியிருக்கவே கூடாது. இது பாதுகாப்புக்காக, பேரம் பேச இடமில்லை. எலக்ட்ரோடுகளை நெஞ்சுக்குக் குறுக்கேயும் ஒட்ட வேண்டாம். இரண்டாவது வியர்வை. இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் படர்ந்தால் இரண்டும் ஒட்டிப்போனது மாதிரி ஆகி, சிக்னல் பாதியாகக் குறையும். ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். கழற்றி மறுபடி ஒட்டினால் வரம்பையும் மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும். டெமோ அன்று காலையில் வீட்டில் எடுத்த மதிப்பு மத்தியானம் லேபில் உதவாது.

கே: எங்கள் யூனிட்டில் ஏற்றுமதிக்குத் தோல் கையுறை தைக்கிறோம். போட்டபடியே செல்போனைத் தொட முடிகிற கையுறைக்கு சாம்பிள் கேட்கிறார்கள். மின்கடத்தும் நூல் வாங்கி விரல் நுனியில் தைத்துக் கொடுத்தோம். சில போனில் வேலை செய்கிறது, சிலவற்றில் இல்லை. எங்கே தவறு?
— மேற்பார்வையாளர், ஆம்பூர்

ப: ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: நூல் வெளியே தெரிகிறது, உள்ளே விரலைத் தொடவில்லை. நடுவில் லைனிங் இருக்கும்.

இன்றைய போன் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள மின்புலத்தை உங்கள் உடம்பு கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. அந்தக் குறைவைத்தான் அது அளக்கிறது. காய்ந்த தோல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே விரலின் சதையிலிருந்து கையுறையின் வெளிப்பக்கம் வரை அறுபடாத ஒரு பாதை வேண்டும். வெளியே ஒரு புள்ளி மட்டும் கடத்தி, அது உடம்போடு சேராமல் அனாதையாக நின்றால், திரையைப் பொறுத்தவரை அங்கே விரலே இல்லை. சில போன்களில் வேலை செய்ததற்குக் காரணம், அவற்றில் தொடுஉணர்வைக் கூட்டும் கிளவ் மோடு ஆன் ஆகியிருந்திருக்கும், அல்லது நீங்கள் எடுத்த தோல் மிக மெல்லியதாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. வெள்ளி பூசிய நைலான் நூலை எடுங்கள். கட்டிங் முடிந்து, விரல்களை மூட்டுவதற்கு முன்பு, துண்டு தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். மூட்டிய பிறகு விரலுக்குள் ஊசியை விட்டுத் திணறினால் தையல் கோணலாகும். தோலில் விழுந்த ஊசி ஓட்டை துணி மாதிரி மூடிக்கொள்ளாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிரித்துத் தைத்தால் அந்தப் பீஸ் கழிவுதான். ஆட்காட்டி விரலில் சரியாக நுனியில் தைக்காமல், தொடும்போது திரையில் படியும் சதைப் பகுதியில், நடுவிலிருந்து சுருளாக 8 மி.மீ. விட்டத்துக்குத் தையுங்கள். அதைவிடச் சிறிய புள்ளியைப் பல திரைகள் விரல் என்று ஏற்றுக்கொள்வதில்லை. கட்டைவிரலில் உள்பக்க ஓரமாக இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், பெரும்பாலும் டைப் அடிப்பது அந்த விரல்தான். லைனிங் உண்டு என்றால் அதே இடத்தில் லைனிங்கையும் ஊடுருவி நூல் உள்ளே வந்து, உள்பக்கம் ஒரு சிறு திட்டாகப் படர வேண்டும்.

தைத்ததும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை வெளிப்புறத் திட்டிலும் மறுமுனையை உள்ளேயும் வையுங்கள். சில நூறு ஓம் காட்டினால் அருமை. சில ஆயிரம் காட்டினாலும் பரவாயில்லை, போகும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. மீட்டர் நகரவே இல்லை என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பிறகு போனில் சோதிக்கும்போது கிளவ் மோடை அணைத்துவிட்டு, டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய போனிலும் பாருங்கள். வாங்குபவர் கையில் இருக்கப்போவது அந்த மாதிரி போன்தான்.

நூல் வேண்டாம், தோலையே கடத்தும்படி செய்யலாம் என்றால், ஃபினிஷிங்கில் கடத்தும் பூச்சு கொடுத்த தோல் கிடைக்கிறது. பூச்சு மேலே மட்டும்தானா, தடிமனுக்குள்ளும் கடத்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். மேலே மட்டும் என்றால் விரல் நீளம் முழுக்கப் பூச்சு பரவியிருந்தால்தான் ஓரளவு எடுபடும். வெள்ளி நூல் நாளடைவில் கருக்கும். கருத்தாலும் வேலை செய்யும். தேய்ந்து பூச்சு உதிர்ந்தால்தான் பிரச்சினை, அதனால் தேய்ப்புச் சோதனைக்குப் பிறகும் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு சாம்பிளை அனுப்புங்கள்.

கே: சார்ஜ் போட்டபடி தொட்டால் என் போனில் தானாகவே ஆப் திறக்கிறது, எழுத்து தானாக விழுகிறது. வைரஸா?
— குடியாத்தம்

ப: வைரஸ் இல்லை, சார்ஜர். மலிவான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் போன் முழுவதையும் ஆட்டும். நீங்கள் தொட்ட கணத்தில் அது உங்கள் உடம்பு வழியாகத் தரையைத் தேடும்போது திரை குழம்பிப்போகிறது. போனோடு வந்த சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால் கேபிளை மாற்றுங்கள். பவர் பேங்கில் சார்ஜ் போடும்போது வரவே இல்லை என்றால் குற்றவாளி உறுதி. மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதே, அதற்கும் வேர் இதுவே. மூன்று பின் பிளக்கும் உண்மையிலேயே எர்த் உள்ள பாயின்ட்டும் இருந்தால் நின்றுவிடும்.

கே: டியூஷன் எடுக்கிறேன். வெப்கேம் முன்னால் கையை அசைத்து மவுஸை நகர்த்தும் ப்ரோகிராமை இணையத்தில் பார்த்துப் போட்டேன். அம்புக்குறி நடுங்குகிறது, கை போன திசைக்கு எதிராகப் போகிறது, ரொம்பவும் மெதுவாக இருக்கிறது. திரை மூலைக்குப் போனால் ப்ரோகிராமே நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?
— ஆசிரியர், சத்துவாச்சாரி

ப: காசைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்குக்கும் நான்கு வெவ்வேறு காரணங்கள். எதுவும் கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை.

நீங்கள் போட்டிருப்பது படத்தில் கையைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மீடியாபைப், கூடவே கேமராப் படத்தை எடுத்துத் தரும் ஓப்பன்சிவி, மவுஸை நகர்த்தும் பைஆட்டோஜியுஐ என்று வைத்துக்கொள்கிறோம். வழக்கமான கூட்டணி அது. எதிர்த்திசையில் போவது எளிதாகத் தீரும்: கேமரா உங்களை எதிரில் நின்று பார்க்கிறது, ஆகவே படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டுத்தான் மீடியாபைப்பிடம் கொடுக்க வேண்டும். ஓப்பன்சிவி நிறங்களை நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் தருவதையும் சிவப்பு-பச்சை-நீலமாக மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் ஓடும், ஆனால் கையை அடிக்கடி தவறவிடும்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் பலரும் கவனிக்காத ஒன்று. பைஆட்டோஜியுஐ ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் தானாகவே 0.1 விநாடி ஓய்வெடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதாவது விநாடிக்குப் பத்து நகர்வுக்கு மேல் வராது, உங்களிடம் எந்த ப்ராசஸர் இருந்தாலும் சரி. பாஸ் (PAUSE) என்ற அந்த மதிப்பைப் பூஜ்யமாக்குங்கள். கேமராவை 640-க்கு 480-லேயே வைத்து, ஒரு கை மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மூலைக்குப் போனால் நிற்பது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. ப்ரோகிராம் கட்டுமீறி மவுஸைப் பிடித்துக்கொண்டால், மவுஸை மூலைக்குத் தள்ளி நிறுத்துவதற்கான வழி அது. அணைத்துவிடாதீர்கள். கணக்கிடும் இடத்திலேயே ஓரத்திலிருந்து 5 பிக்சல் உள்ளே நிற்கும்படி வரம்பு போட்டுவிடுங்கள். கூடவே, கேமரா பார்க்கும் பரப்பு முழுவதையும் திரையோடு பொருத்த வேண்டாம், நடுவில் உள்ள 60 சதவீதத்தை மட்டும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மூலையைத் தொடப் போகும்போது கையில் பாதி கேமராவுக்கு வெளியே போய்விடும்.

இனி நடுக்கம். மீடியாபைப் கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அந்தப் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி விழும். அது பெரிய திரையில் பல மடங்காகத் தெரிகிறது. முதல் வைத்தியம்: புதிய இடத்துக்கு நேராகத் தாவாமல், பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள தூரத்தில் கால்வாசி மட்டும் ஒவ்வொரு முறையும் நகரச் சொல்லுங்கள். நடுக்கம் அடங்கும், ஆனால் வேகமாகக் கையை வீசும்போது அம்புக்குறி பின்தங்கும். இரண்டும் வேண்டும் என்றால் 2012-ல் வெளிவந்த ஒன் யூரோ ஃபில்டர் என்ற சிறிய கணக்கு இருக்கிறது. கை மெதுவாக நகரும்போது அதிகமாகவும் வேகமாக நகரும்போது குறைவாகவும் மழுப்பும். முப்பது, நாற்பது வரிக்குள் முடிந்துவிடும். இதற்கு அதைவிடப் பொருத்தமான வழியை நாங்கள் பார்க்கவில்லை.

கிளிக்குக்குக் கட்டைவிரல் நுனி (4-ஆம் புள்ளி), ஆட்காட்டி விரல் நுனி (8-ஆம் புள்ளி) இரண்டின் இடைவெளியைத்தானே பார்க்கிறீர்கள்? அதை அப்படியே பிக்சலில் அளந்தால், நீங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் விரலே சேராமல் கிளிக் விழும். மணிக்கட்டு (0) முதல் நடுவிரலின் அடிக்கணு (9) வரை உள்ள தூரத்தால் அதை வகுத்துவிடுங்கள். விகிதம் 0.25-க்குக் கீழே போனால் அழுத்தம், 0.4-க்கு மேலே வந்தால் விடுவிப்பு என்று இரண்டு வரம்புகளை வைத்துத் தொடங்கி, உங்கள் கைக்கு ஏற்பத் திருத்துங்கள். ஒரே வரம்பு வைத்தால் எல்லையில் நின்று படபடவென்று கிளிக் அடித்துக்கொண்டே இருக்கும்.

வெளிச்சமும் முக்கியம். அறை இருட்டாக இருந்தால் வெப்கேம் தானாகவே படத்தின் வேகத்தைக் குறைத்துவிடும், அசையும் கை மங்கலாகிவிடும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கை கறுப்பு நிழலாகத் தெரியும். கேமரா அமைப்பில் மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள், விளக்கு வெளிச்சத்தில் படத்தில் ஓடும் பட்டைகள் போய்விடும். இணையப் பாடங்களில் பாதி, மீடியாபைப்பின் பழைய சொல்யூஷன்ஸ் முறையில் எழுதப்பட்டவை. புதிய டாஸ்க்ஸ் முறைக்கு மாடல் கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து போட்டு எரர் வாங்குபவர்கள் அதிகம். பைத்தானிலும் ஆகப் புதிய பதிப்பை எடுக்காமல் ஒன்றிரண்டு படி பழையதை எடுங்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும்: கையை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாடம் நடத்தினால் தோள்பட்டை இறங்கிவிடும். கேமராவை மேலிருந்து மேசையைப் பார்க்கும்படி மாட்டி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஸ்லைடு தள்ளுவதற்கும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கும் இது அழகு. கணக்கு போட்டுக் காட்ட ஒரு பேனா டேப்லெட்தான் சரி.

கே: என் தம்பி மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறான். நன்றாகப் பேசுவான், தலையைத் திருப்புவான். அவனே போனைப் பயன்படுத்தும்படி ஏதாவது கருவி உண்டா? விலை அதிகமாகச் சொல்கிறார்கள்.
— அண்ணன், ஆற்காடு

ப: விலை கொடுத்து வாங்குவதற்கு முன், கையில் உள்ள போனிலேயே இருப்பதைப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள், திரையைத் தொடாமல் பட்டனாலோ முக அசைவாலோ போனை இயக்கும் ஸ்விட்ச் அக்சஸ் இருக்கும். இல்லையென்றால் ஸ்விட்ச் அக்சஸ் என்ற கூகுள் ஆப்பை இறக்குங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதில் கேமரா ஸ்விட்ச் என்ற வசதி சேர்ந்தது. வாயைத் திறப்பது, சிரிப்பது, புருவத்தை உயர்த்துவது, இடது, வலது, மேலே பார்ப்பது என்ற ஆறு முக அசைவுகளை முன் கேமரா கண்டுகொள்ளும். புருவத்தை உயர்த்தினால் அடுத்தது, வாயைத் திறந்தால் தேர்ந்தெடு என்று இரண்டு மட்டும் வைத்துத் தொடங்குங்கள். சிரிப்பை மட்டும் எதற்கும் வைக்காதீர்கள். வீட்டில் யாராவது ஏதாவது சொல்ல, தம்பி சிரிக்க, யாருக்காவது போன் போய்விடும். கேமரா எப்போதும் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் தீரும், சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். இரவில் முகத்தில் வெளிச்சம் வேண்டும். கொசுவலைக்கு வெளியே போனை மாட்டினால் வலையின் கண்ணிகள் கேமராவைக் குழப்பும், உள்ளேயே கட்டிலில் கவ்வும் ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், ஐ.ஓ.எஸ். 18-லிருந்து கண் பார்வையாலேயே இயக்கும் வசதி அதில் இருக்கிறது. முகத்திலிருந்து ஒன்றரை அடியில் அசையாமல் நிறுத்தி, திரையில் நகரும் புள்ளியைக் கண்ணால் தொடரச் சொல்லும். ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அழுத்தமாகும். ஆனால் போனோ தலையணையோ கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டியிருக்கும். படுத்த நிலையில் இதைவிடத் தம்பிக்கு நம்பகமானது கன்னத்தால் அழுத்தும் ஒரு பட்டன் என்பது எங்கள் கருத்து.

அதைச் செய்வதும் எளிது. ஸ்விட்ச் அக்சஸ், கீபோர்டின் எந்தக் கீயையும் ஸ்விட்ச்சாக ஏற்றுக்கொள்ளும். முதலில் பழைய யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்றை, அதைப் போனில் சொருக உதவும் ஓ.டி.ஜி. கேபிளில் இணைத்து, ஒரு கீயை மட்டும் பதிவு செய்து, தம்பிக்கு இந்த முறை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வந்தால், கேம் மெஷினில் வரும் பெரிய உருண்டைப் பட்டன் (60 மி.மீ. அல்லது 100 மி.மீ.) ஒன்றை வாங்கி, ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு எலக்ட்ரானிக்ஸ் போர்டில் ஒரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இணைத்து, கீபோர்டாக ஓடச் செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பையன் ஒருவன் ஒரு மாலையில் செய்துவிடுவான். மவுஸின் பட்டனைக் கழற்றிப் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மவுஸ் கிளிக்கை ஸ்விட்ச் அக்சஸ் கீயாக எடுத்துக்கொள்ளாது. சாதாரண ஓ.டி.ஜி. கேபிள் போட்டால் போனை சார்ஜ் செய்ய முடியாது. சார்ஜும் சேர்ந்து ஏறும் வகை அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே பட்டன் என்றால் திரையில் உள்ளவை ஒவ்வொன்றாகத் தானாக ஒளிரும், வேண்டியது வரும்போது அழுத்த வேண்டும். அந்த இடைவெளியை முதலில் 2 விநாடி வையுங்கள், பழகப் பழகக் குறைக்கலாம். போனின் பின் நம்பர் பூட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் கூப்பிட வேண்டிவரும். பட்டனை எந்தப் பக்கம், எந்த உயரத்தில் வைப்பது என்பதை ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்வதே நல்லது. உங்களுக்குப் பக்கத்திலேயே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

கே: ஸ்வீட் ஸ்டாலில் விலைப் பலகைக்கு ஈ-பேப்பர் திரை வாங்கினேன். ஆங்கிலமும் எண்களும் அழகாக வருகின்றன. தமிழில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி தனியாக நிற்கிறது.
— வாலாஜாபேட்டை

ப: திரை மீது பழி இல்லை. "கொ" என்று எழுதினால் கம்ப்யூட்டரில் சேமிக்கப்படுவது முதலில் "க", பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போடுவதற்கு ஒரு தனி மென்பொருள் வேண்டும். உங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் அது இருக்கிறது. இ.எஸ்.பி.32 போன்ற சிறு சிப்புகளில் திரையை இயக்கும் ப்ரோகிராம் தொகுப்புகளில் (லைப்ரரி) அது கிடையாது. வந்த வரிசையில் எழுத்தை அடுக்கிவிட்டுப் போய்விடும்.

தமிழை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். 7.5 இன்ச் திரை என்றால் 800-க்கு 480 புள்ளிகள். போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே அளவில் விலைப் பட்டியலை வடிவமைத்து, கறுப்பு-வெள்ளை மட்டும் உள்ள படமாக மாற்றினால் 48,000 பைட்டுகள்தான், இ.எஸ்.பி.32-க்குச் சிரமமே இல்லை. மாற்றும்போது சாம்பல் நிறத்தைப் புள்ளிபுள்ளியாகத் தூவும் டிதரிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தின் ஓரம் அரித்தது போலத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் போல்டு எடுங்கள். அந்தத் திரை ஏறக்குறைய 16 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம்தான். மூன்று வரிக்கு மேல் போட்டால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது. தெருவிலிருந்து தெரிய வேண்டும் என்றால் இது ஆகாது, பி10 எல்.ஈ.டி. மாட்யூல்தான். அதிலும் ஒரு மாட்யூல் 16 புள்ளி உயரம்தான் என்பதால், "கீ", "னு" போன்றவை நெரிசலாகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டு 32 ஆக்குங்கள்.

சிவப்பும் உள்ள மூவண்ணத் திரையை வாங்கியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கால் நிமிடம் மின்னிக்கொண்டிருக்கும், அது இயல்பு. கறுப்பு-வெள்ளையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பழைய விலை நிழலாகத் தங்கும். ஐந்தாறு முறைக்கு ஒரு தரம் முழுத் திரையையும் புதுப்பியுங்கள். மாற்றி முடித்ததும் திரையைத் தூங்க வைக்கும் கட்டளையைக் கொடுக்க மறக்க வேண்டாம், உயர் மின்னழுத்தத்திலேயே விட்டால் திரை பாழாகும். கண்ணாடி ஓரத்தில் உள்ள பட்டை ரிப்பனை மடக்காதீர்கள். நேர் வெயில் படும் ஷோகேஸ் வேண்டாம். கரண்ட் போனாலும் விலை அழியாமல் நிற்பதுதான் இதன் பெருமை, அதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது: சிப் செத்துப்போனாலும் நேற்றைய விலை கம்பீரமாக நிற்கும். ஓரத்தில் தேதியும் நேரமும் வரும்படி செய்துவிடுங்கள்.

கே: செகண்ட் ஹேண்டில் வி.ஆர். ஹெட்செட் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
— ராணிப்பேட்டை

ப: முதலில் வெறும் வெள்ளைத் திரையைப் போட்டு இரண்டு கண்ணிலும் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ புள்ளியோ கோடோ தெரிந்தால் வாங்காதீர்கள். ஜன்னலோரம் வைத்து, லென்ஸ் வழியாக வெயில் குவிந்து திரை எரிந்த அடையாளம் அது. சில நிமிட வெயில் போதும், சரிசெய்யவே முடியாது. வாங்கிய பிறகு நீங்களும் லென்ஸ் பக்கத்தை மூடியே வையுங்கள். கார் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது.

கண்மணிகளின் இடைவெளியை மி.மீ.-ல் அளந்துகொண்டு போங்கள். மெட்டாவின் குவெஸ்ட் 3-ல் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். 3எஸ்-ல் 58, 63, 68 என்ற மூன்று நிலைகள்தான். பொருந்தாவிட்டால் தலைவலி. முகம் படும் ஸ்பாஞ்சைக் கழுவி எடுப்பது கஷ்டம், சிலிக்கான் உறை போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்க வேண்டும், ஸ்பிரிட் கூடாது. ஆடும் அறையில் பெரிய கண்ணாடி பதித்த பீரோவோ சீரியல் பல்பு சரமோ இருந்தால் கன்ட்ரோலர் வழிதவறும். கம்ப்யூட்டரோடு வயர் இல்லாமல் இணைப்பதானால், ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே லான் கேபிள், ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. இரண்டுமே வைஃபை என்றால் படம் திக்கித் திணறும். சித்திரை மத்தியானத்தில் ஆடி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும்.

கே: கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஒரே ஷார்ட்கட்களை நாள் முழுக்க அழுத்திக் கை வலிக்கிறது. ஒன்பது பட்டன் உள்ள சின்ன கீபேட் நானே செய்யலாமா?
— ஆரணி

ப: செய்யலாம். பிக்கோ போர்டு ஒன்று, மெக்கானிக்கல் ஸ்விட்ச் ஒன்பது, கீகேப் ஒன்பது, மெல்லிய வயர். வீடியோக்களில் மூன்று வரிசை, மூன்று பத்தி என்று மேட்ரிக்ஸ் கட்டி, ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் ஒரு 1என்4148 டயோடு வைக்கச் சொல்வார்கள். ஒன்பது பட்டனுக்கு அது வீண் வேலை. பிக்கோவில் பட்டன் இணைக்கக்கூடிய பின்களே 26 இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் ஒரு பின், மறுகாலெல்லாம் சேர்த்து ஒரே கிரவுண்டு. டயோடே வேண்டாம்.

பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரில் சொருகினால் ஒரு டிரைவ் திறக்கும். சிறு போர்டுகளில் ஓடும் பைத்தானான சர்க்யூட்பைத்தானின் யு.எஃப்.2 கோப்பை அதில் போடுங்கள், போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிறகு கீபேடுக்கென்றே எழுதப்பட்ட கே.எம்.கே. ப்ரோகிராமின் ஃபோல்டரைக் காப்பி செய்து, எந்தப் பின்னுக்கு எந்த ஷார்ட்கட் என்று எழுதினால் முடிந்தது. சொருகியும் டிரைவ் வரவில்லையா? பத்தில் ஒன்பது முறை கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் டேட்டா வயர் இருக்காது.

ஒரு கீயில் "ஸ்ரீ" அல்லது மணமக்கள் பெயரின் முன்னொட்டு வர வேண்டும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். கீபேட் அனுப்புவது கீயின் எண்ணை மட்டும். அது எந்த எழுத்தாகும் என்பது அப்போது விண்டோஸில் எந்த லேஅவுட் ஆனில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. தமிழ்99 ஆனில் இருக்கும்போது சரியாக விழுவது, ஆங்கிலத்துக்கு மாறியதும் குப்பையாக விழும். ஆகவே ஒன்பதில் ஒரு கீயை லேஅவுட் மாற்றுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஸ்விட்ச் வாங்கும்போது, நடுவில் தடையில்லாமல் சீராக இறங்கும் லீனியர் வகையில் அழுத்தம் குறைவானதைக் கேளுங்கள், கை வலிக்காகச் செய்யும் கீபேடில் கிளிக் சத்தம் போடும் கனமான ஸ்விட்ச் எதற்கு?